பெர்க் போகுமுன்: வாசகர் கேள்வி – பதில்

ஜூலை விடுமுறை நெருங்கியதும் பெர்க், அதாவது டிராகன்ஸ்பர்க் மலைத்தொடர் பற்றிய கடிதங்கள் குவியத் தொடங்கிவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். அறை வாடகை, நுழைவுக் கட்டணம் கேட்டவர்கள் பூங்காவை நிர்வகிக்கும் எஸெம்வேலோ அமைப்பின் அலுவலகத்திலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. அந்தத் தொகைகள் அச்சில் வருவதற்குள் மாறிவிடுகின்றன.

கேள்வி: எங்கள் தமிழ்ப் பள்ளி இளைஞர் குழுவில் 40 பேர் இருக்கிறோம். ஜூலை விடுமுறையில் கதீட்ரல் பீக் உச்சிக்கு ஒரே நாளில் ஏறி இறங்கலாம் என்று திட்டம். சாத்தியமா, ஐயா?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

40 பேராகச் சாத்தியமில்லை. 8 அல்லது 10 பேராகப் போனால் சாத்தியம், அதுவும் எல்லோரும் நடந்து பழகியவர்களாக இருந்தால்.

கணக்கைப் பாருங்கள். உச்சி 3,004 மீட்டர். கீழே ஹோட்டல் பக்கத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் ஏற்றம். போய்வர ஏறக்குறைய 20 கி.மீ. நல்ல நடைக்காரர்களுக்கே 9, 10 மணி நேரம் பிடிக்கும். ஜூலையில் பொழுது விடிய ஏழு மணி ஆகிறது, மாலை ஐந்தேகாலுக்குச் சூரியன் மறைந்துவிடுகிறது. ஆக வெளிச்சம் இருப்பதே பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல். உச்சிக்குக் கீழே பாறையைக் கையால் பிடித்து ஏறும் இடமும் ஏணியும் இருக்கின்றன. அங்கே ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். ஆளுக்கு 3 நிமிடம் என்று வைத்தாலும் 40 பேர் ஏற 2 மணி நேரம், இறங்க இன்னொரு 2 மணி நேரம். நாள் அங்கேயே முடிந்துவிடும்.

சிறு குழுவாகப் போவதென்றால் அதிகாலை 5 மணிக்கே தலைவிளக்குடன் புறப்படுங்கள். ஆளுக்கொரு விளக்கு வேண்டும். கைபேசி வெளிச்சம் கணக்கில் சேராது. ஆரஞ்சு பீல் கேப் என்ற கணவாயை 9 மணிக்குள் தொடவில்லையென்றால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். பகல் 12 ஆனதும், உச்சி கண்ணெதிரே இருந்தாலும் திரும்ப வேண்டும். இதை மலையில் வைத்து விவாதிக்கக் கூடாது. முதல் நாள் இரவே முடிவு செய்து, யார் சொன்னால் எல்லோரும் திரும்புவது என்பதையும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். இங்கே விபத்துகள் பெரும்பாலும் ஏறும்போது நடப்பதில்லை. அவசரத்தில், களைத்த காலோடு, இருட்டில் இறங்கும்போதுதான் நடக்கின்றன.

வடகோளத்துப் புத்தகங்களைப் படித்துவிட்டு வருபவர்கள் தடுமாறும் விஷயம் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் வெயில் விழாத சரிவு தெற்கு பார்த்தது. ஜூலையில் தெற்கு பார்த்த ஓடைப் பிளவுகளில் நண்பகலிலும் பனிக்கட்டி உருகாமல் கிடக்கும். கண்ணாடி போலப் படர்ந்திருக்கும் அந்தக் கட்டியில் சாதாரண நடைச் சப்பாத்து நிற்காது. அப்படிக் கண்டால் அதுதான் திரும்பும் இடம்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் மறுநாள் வரை காயாது. உடம்பை ஒட்டி ஒரு செயற்கை இழைச் சட்டை, மேலே கம்பளி அல்லது ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி, தொப்பி, கையுறை. தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். குளிர்காலத்தில் மேல் பாதியில் ஓடைகள் வற்றியோ உறைந்தோ இருக்கும்.

மீதமுள்ள 30 பேரை என்ன செய்வது? ரெயின்போ கார்ஜ் பள்ளத்தாக்கு, டோரீன் அருவி, மஷ்ரூம் ராக் என்று அதே இடத்திலிருந்து அரை நாள் நடைகள் இருக்கின்றன. சொல்லப்போனால் முதல் தடவை வரும் பிள்ளைகளுக்கு உச்சியைவிட ரெயின்போ கார்ஜ்தான் மனதில் நிற்கும்.

கிளம்புமுன் மலைப் பதிவேட்டில் பெயர்கள், வழி, திரும்பும் நேரம், வண்டி எண் எல்லாம் எழுதுங்கள். திரும்பி வந்ததும் மறக்காமல் கையெழுத்திட்டு முடித்துவையுங்கள். முடிக்காமல் டர்பனுக்கு வண்டியேறிவிட்டால், உங்களைத் தேடி ஆட்கள் இரவில் மலையேறுவார்கள்.

கேள்வி: சென்டினல் சிகரப் பாதையின் சங்கிலி ஏணிகளைப் படத்தில் பார்த்ததிலிருந்து என் மனைவி வரமாட்டேன் என்கிறார். உண்மையிலேயே அவ்வளவு பயமா? துகேலா அருவியின் தலைப்பக்கத்துக்கு வேறு வழி உண்டா?
— வாசகர், மெர்பேங்க்

ஏணி செங்குத்தானது, பாறையோடு இறுக்கமாகப் பிணைக்காமல் தொங்கவிட்டிருப்பதால் கொஞ்சம் ஆடும். ஏறுவது கைவேலை இல்லை, கால்வேலை. கையால் உடம்பை இழுப்பவர்களுக்குப் பாதியிலேயே முன்கை மரத்துவிடும். இடுப்பை ஏணியோடு ஒட்டிவைத்து, கால் பெருவிரலுக்குக் கீழுள்ள பகுதியைக் கம்பியில் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலையோ ஒரு கையையோ மட்டும் நகர்த்தினால் போதும். பையின் வார்களை இறுக்கிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் தொங்கும் தண்ணீர் பாட்டில் கம்பியில் மாட்டும். ஒருவர் ஏறி முடித்து ஓரமாக நகர்ந்த பிறகே அடுத்தவர் ஏற வேண்டும், ஏனென்றால் மேலிருந்து உருளும் கல்தான் அங்கே பெரிய ஆபத்து.

வேறு வழி உண்டு. ஏணிகளுக்குச் சற்று முன்பே ஒரு கல்சரிவுப் பிளவு மேலே போகிறது. ஏணிக்குப் பயப்படுபவர்கள் அதில் ஏறுவதுண்டு. ஆனால் கற்கள் காலடியில் வழுக்கும், மூச்சு வாங்கும், பனிக்காலத்தில் கட்டி பிடித்துக் கிடக்கும். உயர பயம் மட்டும்தான் பிரச்சினை என்றால் பிளவு. முட்டிவலி என்றால் ஏணி. இரண்டும் சேர்ந்து இருந்தால் அம்மாவை வற்புறுத்தாதீர்கள். ராயல் நேட்டால் பூங்காவில் துகேலா பள்ளத்தாக்கு நடை இருக்கிறது, போய்வர சுமார் 14 கி.மீ. அதே அருவியைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கலாம்.

சென்டினல் வண்டி நிறுத்துமிடமே 2,500 மீட்டருக்கு மேல். கடல்மட்டத்திலிருந்து காலையில் கிளம்பி மதியம் 3,000 மீட்டரில் நிற்பவர்களில் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். முதல் நாள் இரவு விட்சீஸ்ஹூக் லாட்ஜில் தங்கிவிட்டால் பாதித் தொல்லை தீரும். கடைசிச் சில கி.மீ. சாலை மோசம், தாழ்வான காரை லாட்ஜிலேயே விட்டுவிட்டு, அங்கிருந்து போகும் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள்.

அருவி வழக்கமாகச் சொல்லும் அளவில் 948 மீட்டர். ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் அந்த உயரம் முழுக்க ஈரக்கறை மட்டும் தெரியலாம். நீர் பார்க்க வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரல்.

கேள்வி: ஆல்ப்ஸ், இமயமலைப் படங்களில் நீலநீலமாக ஏரிகள் தெரிகின்றன. நம் டிராகன்ஸ்பர்க்கில் ஏன் ஏரியே இல்லை?
— வாசகி, பீனிக்ஸ்

ஆல்ப்ஸ் ஏரிகளில் பெரும்பாலானவை பனியாறு தோண்டிய பள்ளங்கள். நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுள்ள பனி, பல ஆயிரம் ஆண்டுகள் நகர்ந்து நகர்ந்து பாறையைக் குடைந்தது. பனி உருகியபின் குழி நிறைய நீர். டிராகன்ஸ்பர்க்கில் அப்படிப் பெரிய பனியாறுகள் ஓடிப் பள்ளத்தாக்குகளைத் தோண்டவில்லை. இங்கே இருப்பது சுமார் 18 கோடி ஆண்டுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து இறுகிய எரிமலைக் குழம்பு; அதன் அடியில் வெளிர் மஞ்சள் மணற்பாறை. மழையும் ஆறுகளும் இதைச் செங்குத்தாக அறுத்தன. வெட்டிய பாறையில் நீர் நிற்காது, ஓடிவிடும்.

ஆனால் நீர் தங்கும் இடம் இல்லாமல் இல்லை. செங்குத்தான மலைச் சுவரின் மேல் ஏறிப் பின்பக்கம் பார்த்தால் தட்டையான சதுப்புகள் தெரியும். பஞ்சு போல் கால் அமிழும் கருமண், குட்டைப் புல், இடையிடையே முழங்கால் ஆழக் குட்டைகள். கோடையில் பெய்வதைப் பிடித்துவைத்துக் குளிர்காலம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக விடுவது இவைதான். டிராகன்ஸ்பர்க் பூங்கா 1997-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததற்கும் இவையே காரணம். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2000-ல் சேர்ந்தது. 2013-ல் அண்டை நாடான லெசோத்தோவின் செஷ்லபதேபே பூங்காவும் இணைந்தது.

ஏரி பார்க்கும் ஆசை இருந்தால் அந்தச் செஷ்லபதேபேக்குப் போக வேண்டும். மணற்பாறையின் மேல் இயற்கையாகவே கிண்ணம் கிண்ணமாகக் குழிந்து நீர் நிற்கிறது. ஆழம் குறைவு, சில குழிகள் ஆகஸ்டில் வற்றியும் போகும். அவற்றில் ஒரு நீர்த்தாவரம் உண்டு: இலை முழுக்க அடியில் கிடக்கும், பூ மட்டும் நீர்ப்பரப்புக்கு வந்து மிதக்கும். பக்கத்து ஓடையில் விரல் நீள மீன் ஒன்று. மலோட்டி மின்னோ என்பார்கள். நம் பக்கத்து உம்கோமஸானா ஆற்றில் பிடித்து 1938-ல் விவரிக்கப்பட்ட மீன் அது. பிறகு அந்த ஆற்றில் காணாமல் போயிற்று, தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன்கள் தின்று தீர்த்திருக்கும் என்கிறார்கள். அழிந்தேவிட்டது என்று எண்ணியிருந்தபோது 1970-ல் செஷ்லபதேபேயில் அகப்பட்டது. அங்கே அருவி குறுக்கே இருந்ததால் ட்ரவுட் மேலே ஏற முடியவில்லை.

பெர்க்கின் ஹைமூர் பகுதியில் இருப்பவை ஏரி அல்ல, அணைக்கட்டுகள். ட்ரவுட் பிடிக்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தப் பக்கத்து நீர் மூயி ஆற்றில் சேர்கிறது. மூயியிலிருந்து ஒரு பகுதியை இறைத்து மிட்மார் அணைக்கு அனுப்புகிறார்கள். பீனிக்ஸில் உங்கள் குழாயைத் திறக்கும்போது அதில் கொஞ்சம் பெர்க் தண்ணீரும் வரும்.

கேள்வி: மலை ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

லிட்டில் பெர்க் என்கிற நடுத்தட்டில், மேலே மந்தையோ பாதையோ இல்லாத பக்க ஓடைகளில் பலர் குடிக்கிறார்கள். சுவருக்கு மேலே ஏறியபின் கூடாது. லெசோத்தோ மேய்ப்பர்களின் ஆடுமாடு அந்தச் சதுப்புகளில்தான் மேய்கிறது. நீர் கண்ணாடியாகத் தெரிந்தாலும் கொதிக்கவைக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் கொதிக்கட்டும். குளோரின் மாத்திரை போடுகிறவர்கள் கவனிக்க: பனிக்குளிர் நீரில் மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும். அட்டையில் அரை மணி என்றிருந்தால் ஒரு மணி விடுங்கள். இரவில் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். நீர் மேலிருந்து கீழாக உறைவதால் காலையில் வாய்ப்பக்கம் அடைபடாமல் இருக்கும்.

கேள்வி: போன ஆண்டு பானர்மன் கணவாய்க்கு மேலே கூடாரம் போட்டு பருப்புச்சோறு வைத்தோம். இரண்டு மணி நேரம் ஆகியும் பருப்பு வேகவில்லை. விடிகாலையில் அடுப்பும் எரியவில்லை. சிலிண்டரில் கேஸ் பாதி இருந்தது. கோளாறு எதில்?
— வாசகர், டோங்காட்

கோளாறு எதிலும் இல்லை. இரண்டுமே உயரமும் குளிரும் செய்த வேலை.

ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் நீரின் கொதிநிலை 1 டிகிரி குறைகிறது. 3,000 மீட்டரில் 90 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, கேஸ்தான் தீரும். பருப்பு வேகும் வேகம் 10 டிகிரி குறைந்தால் சுமாராகப் பாதியாகிவிடும். துவரையும் கடலையும் அங்கே கதைக்கு உதவாது. பிரஷர் குக்கர் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்களையும் பார்க்கிறோம். அந்த எடைக்கு இன்னொரு போர்வை கொண்டுபோகலாம்.

மைசூர்ப் பருப்பை வீட்டிலேயே குழைய வேகவைத்து, உப்பு, மஞ்சள், சீரகம் போட்டுக் கெட்டியாக்கி, தட்டில் மெல்லிசாகப் பரப்பி அவனில் 60, 70 டிகிரியில் 6 முதல் 8 மணி நேரம் உலர்த்துங்கள். கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தால்தான் ஈரம் வெளியேறும். அப்பளம் போல் ஒடிகிற பதம் வந்ததும் நொறுக்கிப் பையில் கட்டுங்கள். எண்ணெயில் தாளிக்காமல் உலர்த்துங்கள். எண்ணெய் சிக்கு வாடை பிடிக்கும். மேலே போய் ஆளுக்கு 60 கிராம் எடுத்து, இரண்டரை மடங்கு நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, 5 நிமிடம் கொதிக்கவிட்டால் பருப்பு தயார். தாளிப்பைத் தனியாகச் சின்ன டப்பியில் கொண்டுபோய்க் கடைசியில் சேருங்கள்.

சோற்றுக்குப் பதில் ரவை. சோஜிக்கு வறுப்பது போல நெய்யில்லாமல் வாசனை வரும்வரை வறுத்து, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை சேர்த்துவைத்தால் ஆளுக்கு 80 கிராமும் 200 மில்லி கொதிநீரும் போதும். மூடிவைத்து, சட்டியைத் தொப்பிக்குள் வைத்துச் சுற்றினால் 8 நிமிடத்தில் உப்புமா.

இனி அடுப்பு. மலிவாகக் கிடைக்கும், குத்தித் துளைத்து மாட்டும் சிலிண்டர்களில் பெரும்பாலும் சாதா பியூட்டேன். அது 0 டிகிரிக்கு ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். உள்ளே திரவம் குலுங்கும், மேலே வாயு வராது. ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த, திருகிப் பூட்டும் சிலிண்டர் வாங்குங்கள், குளிரிலும் எரியும். இரவில் அதைத் தூக்கப் பைக்குள் போட்டுக்கொண்டு படுங்கள். காற்று மறைப்பு இருந்தால் ஒரு லிட்டர் கொதிக்க ஏறக்குறைய 15 கிராம் கேஸ் போகும், காற்றில் அதுவே இரட்டிப்பு. மறைப்பைச் சிலிண்டரைச் சுற்றி முழு வட்டமாக வைக்கக் கூடாது, சிலிண்டர் சூடேறி வெடிக்கும். குளிருகிறதே என்று கூடாரத்துக்குள் அடுப்புப் பற்றவைப்பது அதைவிடக் கெட்டது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. தலை கனப்பதாகத் தோன்றும்போதே எழுந்திருக்க முடியாமல் போயிருக்கும்.

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் போகலாமா? மின்னல் அதிகம் என்கிறார்களே.
— வாசகர், ஸ்டாங்கர்

போகலாம். காலையில் நடந்துவிட்டு மதியத்துக்குள் முகட்டைவிட்டு இறங்குகிறவர்களுக்கு டிசம்பர் நல்ல மாதம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை பல நாள் ஒரே பாட்டுத்தான்: காலை தெளிவு, பத்து மணிக்கு வெள்ளை மேகம், பிற்பகல் இடி. காலிஃபிளவர் மாதிரி மேகம் மேலே மேலே குவிந்து அடி கறுக்கத் தொடங்கினால் அன்றைய ஏற்றம் முடிந்தது.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 விநாடிக்கு 1 கி.மீ. என்று கணக்கு. 30 விநாடிக்குள் இடி கேட்டால் முகடு, தனி மரம், இரும்பு ஏணி எல்லாவற்றிலிருந்தும் விலகுங்கள். எல்லோரும் ஒதுங்க நினைக்கும் பாறைத் தொங்கலின் வாய் பாதுகாப்பான இடம் இல்லை. பாறையில் பாயும் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டித் தரைக்கு இறங்கும். நடுவில் நிற்கும் ஆள்தான் அதற்குப் பாலம். ஆழமான குகையானால் உள்ளே தள்ளி, சுவரைத் தொடாமல் உட்காரலாம். திறந்த வெளியானால் கைத்தடிகளைத் தூரப் போட்டு, முதுகுப்பை மேல் கால்களைச் சேர்த்துக் குந்துங்கள். ஆளுக்கு ஆள் 10 மீட்டராவது இடைவெளி விடுங்கள். ஒருவர் அடிபட்டாலும் மற்றவர் ஓடிவந்து முதலுதவி செய்ய முடியும்.

மேலே மழை பெய்தால் கீழே பள்ளத்தாக்கு ஆறு சொல்லாமல் ஏறும். துகேலா பள்ளத்தாக்கின் டனல் பகுதியில் நீர் கலங்கி, சருகு மிதந்து வரத் தொடங்கினால் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கேள்வி: அருவி ஓரத்தில் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, சாமந்தி போட்டுக் கும்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பூங்காவுக்குள் தடை உண்டா?
— வாசகி, இசிபிங்கோ

வனாந்தரப் பகுதிக்குள் திறந்த தீ எதுவும் கூடாது, கற்பூரமும் அதில் அடக்கம். இது வெறும் சட்டப்பேச்சு இல்லை, அம்மா. ஜூலை முதல் செப்டம்பர் வரை புல் காகிதமாகக் காய்ந்திருக்கும். உள்நாட்டிலிருந்து வெப்பக்காற்று இறங்கும் நாளில் ஒரு பொறி போதும். சரிவில் தீ மேல்நோக்கி ஆள் ஓடுவதைவிட வேகமாக ஏறும். சாமந்தியில் முற்றிய விதை இருக்கும், தேங்காய்ச் சில்லுக்குப் பபூன்கள் பழகிவிடும். பிறகு அவை அடுத்து வருகிறவர்களின் பையைக் கிழிக்கும்.

முகாமில் சமையலுக்கென்று ஒதுக்கிய இடத்தில் தீபம் வைக்க முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். அருவியில் கைகூப்பி நீரைத் தலையில் தெளித்துக்கொள்வதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம்.

கேள்வி: மலைச்சரிவெல்லாம் மொட்டையாகப் புல்லாகவே கிடக்கிறது. எங்கள் கோயில் இளைஞர் மன்றம் 108 மரக்கன்றுகள் நடத் தயாராக இருக்கிறது. யாரிடம் அனுமதி கேட்பது?
— வாசகர், லெனேசியா

உங்கள் நல்லெண்ணத்துக்கு வணக்கம். ஆனால் தயவுசெய்து நடாதீர்கள். அது மொட்டையாக்கப்பட்ட காடு அல்ல, இயல்பிலேயே புல்வெளி. புல்லும், தீக்குத் தாங்கும் தடித்த பட்டை கொண்ட புரோட்டியா என்ற குறுமரங்களும், புல்லுக்கடியில் கிழங்காக ஒளிந்திருக்கும் பூச்செடிகளும்தான் இந்த மலையின் சொத்து. மரநிழல் விழுந்தால் இவை போய்விடும். பூங்கா ஆட்களே இரண்டு ஆண்டுக்கொரு முறை என்கிற கணக்கில் பகுதி பகுதியாகப் புல்லைக் கொளுத்துகிறார்கள். கருகிய சரிவைக் கண்டு யாரோ நாசம் செய்துவிட்டார்கள் என்று கடிதம் எழுதுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

மரம் நட்டால் மழை வரும் என்பது நம் எல்லோர் மனதிலும் ஊறிய பேச்சு. கதீட்ரல் பீக்கின் ஆய்வு நீர்ப்பிடிப்புகளில் 1940களில் ஓடைகளுக்குக் குறுக்கே அளவு மடைகள் கட்டி, சில பள்ளத்தாக்குகளில் பைன் நட்டு, சிலவற்றைப் புல்லாகவே விட்டுப் பல ஆண்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பைன் வளர வளர அந்த ஓடைகளில் நீர் குறைந்துகொண்டே போனது. புல் குளிர்காலத்தில் காய்ந்து நீர் குடிப்பதை நிறுத்திவிடும். பைனும், வாட்டில் என்ற வெளிநாட்டு வேல மரமும் ஆண்டு முழுக்கக் குடிக்கும், வேரும் ஆழம். வாட்டில், பைன், அமெரிக்க முள்பெர்ரி மூன்றும் இன்று வெட்டியெடுக்கவே ஆள் போதாமல் இருக்கும் வெளிநாட்டுச் செடிகள். உங்கள் மன்றத்துக்குக் கைவேலை வேண்டுமென்றால், களை வெட்டும் பணியில் சேர முடியுமா என்று எஸெம்வேலோவிடம் கேளுங்கள்.

உண்மையான காடும் உண்டு. தீ எட்டாத ஈரப் பள்ளத்தாக்குகளில், பெரும்பாலும் தெற்கு பார்த்த சரிவுகளில் ஒளிந்துகொண்டிருக்கும். ரெயின்போ கார்ஜுக்குள் நுழைந்தால் வெயில் சட்டென்று அணைந்துவிடும். யெல்லோவுட் மரங்களின் தண்டில் தோல் உரிந்து தொங்கும், கிளைகளில் தாடிபோல் பாசி, கால்கீழே உருண்டைக் கற்களுக்கிடையே ந்துமேனி ஓடை. பள்ளத்தாக்கு குறுகும் இடத்தில் இரு சுவர்களுக்கும் நடுவே ஒரு பெரும்பாறை விழுந்து சிக்கி நிற்கிறது, கீழே நீர் ஓடுகிறது. காட்டு ஓரத்தில் முறுக்கிக்கொண்ட கிளைகளோடு நிற்பது ஊஹவுட். புல்லில் தீ நின்றுபோன இடத்தில் முதலில் வந்து உட்காரும் மரம் அது. அதைக் கண்டால் பெரும்பாலும் பக்கத்தில் ஓடை இருக்கும்.

கேள்வி: ஆயாவுக்கு 78 வயது. பாறை ஓவியம் பார்க்க ஆசைப்படுகிறார். நடக்க வைக்கலாமா?
— வாசகி, வெருலம்

ஜயண்ட்ஸ் காசில் முகாமிலிருந்து மெயின் கேவ்ஸ் வரை அரை மணி முதல் முக்கால் மணி நடை, கடைசியில் படிகள். தினமும் கோயிலுக்கு நடந்து போய்வருகிறவர் என்றால் நின்று நின்று போகலாம். வழிகாட்டி கூடவே வருவார். கம்பெர்க்கில் உள்ள கேம் பாஸ் ஓவியங்கள் புகழ்பெற்றவை, ஆனால் ஏற்றம் அதிகம், ஆயாவுக்கு வேண்டாம். நிறம் தெளியட்டும் என்று ஓவியத்தில் நீர் தெளிப்பது, விரலால் தடவுவது இரண்டும் அதை அழிக்கும். 1999 பாரம்பரியச் சட்டப்படி குற்றமும்கூட.

கேள்வி: தாடிக் கழுகைப் பார்க்க எங்கே போகலாம்?
— மாணவர், டர்பன்

ஜயண்ட்ஸ் காசிலில் ஒளிந்திருந்து பறவை பார்க்கும் மறைவிடம் இருக்கிறது. குளிர்காலத்தில் எலும்பு போட்டுவைப்பார்கள். சில பேர்தான் உட்காரலாம், மாதக்கணக்கில் முன்பதிவு வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் முகட்டோரத்தில் வெயில் ஏறியபின் பொறுமையாக உட்காருங்கள். வால் ஆப்பு வடிவம், இறக்கை நீண்டு கூர்மை, மார்பு துருநிறம். அந்த நிறம் பிறவி நிறம் இல்லை. இரும்புச் சேற்றில் புரண்டு பூசிக்கொள்வது. எலும்பை உயரத்திலிருந்து பாறையில் போட்டு உடைத்துத் தின்னும்.

டிராகன்ஸ்பர்க்கிலும் லெசோத்தோவிலும் சேர்த்துச் சுமார் 100 இணைகள்தான் இருக்கின்றன. இரண்டு முட்டை இட்டாலும் ஒரு குஞ்சுதான் பிழைக்கும். அது வளர்ந்து இணை சேர ஆறேழு ஆண்டு ஆகும். விஷம் வைத்த ஒரு விலங்குப் பிணத்தாலோ ஒரு மின்கம்பியாலோ போகிற பறவையை ஈடுகட்ட அவ்வளவு காலம் பிடிக்கிறது. கூடு கட்டுவது இதே குளிர்காலத்தில்தான். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பனி விழுந்தால் பிள்ளைகளைச் சானி பாஸுக்குக் கூட்டிப்போக ஆசை. எங்கள் காரில் போகலாமா?
— வாசகர், ஷால்க்ராஸ்

ஃபோர்-பை-ஃபோர் இல்லாமல் எல்லைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஹைம்வில், அண்டர்பர்க் ஊர்களிலிருந்து ஒரு நாள் சுற்றுலா வண்டிகள் கிளம்புகின்றன. குடும்பத்துக்கு அதுவே மேல். உச்சி 2,874 மீட்டர், அது லெசோத்தோ மண். பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். கடும்பனி விழுந்த அன்றே பாதையை மூடிவிடுவதால் காலையில் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சொந்த வண்டியில் போகிறவர்கள் டீசலை மலையடிவாரத்தில் நிரப்பினால் நல்லது; கடற்கரையில் நிரப்பிய டீசல் கடுங்குளிரில் கெட்டிப்படக்கூடும்.

கேள்வி: குளிரில் விறைத்தவருக்குப் பிராந்தி கொடுக்கலாமா? பாம்பு கடித்தால்?
— வாசகர், மவுண்ட் எட்ஜ்கோம்

பிராந்தி கூடாது. தோலில் சூடு தெரியும், உள்சூடு வெளியே போய்விடும். நாக்குக் குழறுவது, கால் பின்னுவது, "எனக்கொன்றுமில்லை" என்று எரிந்துவிழுவது எல்லாம் முதல் அறிகுறி. நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை மோசம். ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த உடையும் தூக்கப் பையும் கொடுத்து, அடியில் பாய் போட்டு, காற்று படாத இடத்தில் கிடத்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை தூக்கலாகத் தேநீர். கைகாலைத் தேய்க்காதீர்கள்.

பாம்பு ஜூலையில் அரிது. பஃப் ஆடர், பெர்க் ஆடர், ரிங்கால்ஸ் மூன்றும் உண்டு. கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து 112-ஐ அழையுங்கள். பெர்க் ஆடர் கடிக்கு இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து வேலை செய்யாது. ஆனாலும் மூச்சு, கண் இமை, நினைவு எல்லாவற்றையும் மருத்துவமனையில் கவனிக்க வேண்டியிருப்பதால் ஆளைக் கீழே கொண்டுவருவதுதான் முக்கியம். பள்ளத்தாக்குகளில் கைபேசிக்கு அலை கிடைக்காது. இருவரை முகட்டுக்கு அனுப்புங்கள், ஒருவரைத் தனியாக அனுப்ப வேண்டாம். அவர்கள் கையில் ஒரு காகிதத்தில் இடம், நேரம், அடிபட்டவரின் வயது, நிலை, குழுவில் எத்தனை பேர் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.